நூறு கோடி நாய்கள்

நேர்காணல் அறைகளில் மட்டுமே வாழும் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர், வெள்ளைப்பலகை நீதிபதி. மென்பொருள் நிறுவனம் இருக்கும் எல்லா ஊரிலும் இது உண்டு. ஆஸ்திரேலியாவில், எங்கள் ஹோபார்ட் நகரத்தில் கொஞ்சம் அதிகம். இருபது வருடம் வேலை பார்த்தவர் எதிரே வந்து உட்கார்ந்தால், அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காது, மார்க்கர் பேனாவை நீட்டும், "தப்பான பதில்னு ஒண்ணும் கிடையாதுங்க, சும்மா சத்தமா யோசிங்க" என்று சிரிக்கும், பிறகு மடிக்கணினிக்குப் பின்னால் ஒளித்து வைத்த விடைத்தாளைப் பார்த்துப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்த விடை அதற்கு எப்போது தெரிந்தது? முந்தாநாள்.

எங்கள் ஊரில் இந்த இனத்துக்கு ஓர் உதாரணம், டார்சி. வயது இருபத்தாறு. நாய்களைக் குளிப்பாட்ட நேரம் பதிவு செய்யும் இணையதளம்தான் அவனுடைய நிறுவனம். போன மாதம் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தவர் நெரிடா பரிட்ஜ். மருத்துவமனைகளுக்காக இருபத்திரண்டு வருடம் மென்பொருள் எழுதியவர். பழைய நிறுவனத்தை மூடிவிட்டார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் சிட்னிக்குத்தான் போக வேண்டும். மகளோ பள்ளி இறுதியாண்டின் நடுவில் இருக்கிறாள்.

"நூறு கோடி நாய் இருக்குன்னு வெச்சுக்குங்க," என்றான் டார்சி. "ஒரே பேர் இருக்கிற நாய்ங்கள வேகமாக் கண்டுபிடிக்கணும்."

"உங்ககிட்ட நெசமா எத்தனை நாய் இருக்கு?"

"நாலாயிரம்."

"மிச்ச நாயெல்லாம் எப்ப வருது?"

டார்சி தாளைப் பார்த்தான். இதற்கு அதில் விடை இல்லை. கலிஃபோர்னியாவில் ஏதோ பெரிய நிறுவனம் கேட்ட கேள்வி என்று யாரோ இணையத்தில் போட்டதை அப்படியே எடுத்த தாள் அது, பாவம்.

நெரிடா பலகையில் இரண்டே வரி எழுதினார். நாலாயிரம் நாய்களுக்கு அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

"ரொம்ப சுலபமா இருக்கே. இத யாரு வேணா எழுதிடலாமே."

"அதுக்குத்தான்ப்பா அப்படி எழுதினேன். நான் லீவுல இருக்கிறப்ப நீ படிச்சுப் புரிஞ்சுக்கணும்ல?"

"சுவாரசியமா இருக்கு," என்றான் டார்சி. இந்த இனம் அப்படிச் சொன்னால், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று பொருள்.

இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது: அடிப்படை போதவில்லை, ஆறு மாதம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

"நூறு கோடி நாயா?" என்றாள் மகள். "இந்த நாட்டுல மனுஷங்களே மூணு கோடி தேறாதேம்மா."

"அவங்க வளர்ச்சிய எதிர்பாக்குறாங்க. நீ உன் புக்கையெல்லாம் தனிப் பெட்டில எடுத்து வை."

கோடிக்கணக்கில் இருப்பதை நொடியில் தேடித் தரும் அல்காரிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே நூறு கோடி நாய்கள் வரிசையில் வந்து நின்றால், அது தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். அதுவரைக்கும், செய்யப்போகிற வேலையைப் பற்றிக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சிரிக்கிறீர்களா? சமையலுக்கோ கடைக்கோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ நீங்களும் யாரையாவது எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருப்பீர்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டீர்களா, உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்டீர்களா? அவர் பதில் தெரியாமல் விழித்தபோது உங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்ததா? அப்படியென்றால், எங்கோ ஒரு வீட்டில் உங்களால் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.