வலப்பக்கம் விழும் பூ

"சாமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இனிமே பூசைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று பூசாரி தங்கவேல் கோயில் சாவியை நீட்டினான். ஊர்ப் பெரியவர் கோவிந்தன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம சாமி வேடியப்பனுக்கு ஏதோ கோவம். அதான் உன் வாயில பேசுது. சேவல் அறுத்துடலாம்."

அறுத்தார்கள். தங்கவேலும் விடவில்லை. திருவிழாவுக்குக் காப்பு கட்டிய விரத நாளில், ஊர் பார்க்கக் கோயில் வாசலில் உட்கார்ந்து கோழிக் குழம்பைப் பிசைந்து தின்றான். சாமிக்குக் கறி ஆசை வந்துவிட்டது என்று அன்றைக்கு எல்லா வீட்டிலும் கறி வெந்தது.

அவனும் ஒரு காலத்தில் உருகி உருகிக் கும்பிட்டவன்தான். நெல்லிவாசல்நாட்டில் அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் சாமி கல்லில் ஈரப் பூவை ஒட்டி வைத்து வாக்குக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. மூன்று வருடம் முன்பு மனைவி திரௌபதியைப் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாக்குக் கேட்டபோது பூ இடப்பக்கம் விழுந்தது. அழுதுகொண்டே திரும்பத் திரும்பக் கேட்டான். அது வலப்பக்கம் விழுந்தபோது அவள் இல்லை. அதோடு நம்பிக்கையும் போயிற்று. பயமாக இருக்கும் என்று நினைத்தான். நன்றாகத் தூக்கம்தான் வந்தது.

"உங்கப்பன் பூ வச்சா ஒரு தபாகூட எடப்பக்கம் வுழுந்ததில்ல. அவரு பக்தி அப்பிடி" என்று கோவிந்தன் அடிக்கடி சொல்வார். அது வேறு குத்தும்.

ஒருநாள் காலையில் ரங்கன் ஓடி வந்தான். "அண்ணே, எம் பொண்டாட்டி ஈஸ்வரிக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சு. ஜீப் நிக்குது, வாக்குக் குடுங்க."

"வாக்கெல்லாம் வாணாம். கெளம்புடா."

"நீங்க சொன்னா ஆச்சா? சாமி சொல்லணும்ல."

வேறு வழியில்லாமல் பூவை ஒட்டினான். அது மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. விழுவதற்குள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு எகிறிக் குதித்தான்.

"இன்னாடா வேடிக்க பாக்குறீங்க? போளூர் ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கடா. டிரைவர் செல்லு பேசாம ஓட்டணும்."

ஊரே விழுந்து கும்பிட்டது. ஜீப் பறந்தது. மத்தியானம் தாயும் பிள்ளையும் நலம் என்று போன் வந்தது. கோவிந்தன் அவனுக்கு மாலை போட்டு, ஆயுசுக்கும் நீதான் பூசாரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் அப்பா காலத்திலிருந்து கோயில் வாசல் பெருக்கும் அம்மாக்கண்ணு மட்டும் மிச்சம் இருந்தாள்.

"அத்தே, நான் ஆடுனது பொய்யி" என்றான் தங்கவேல். "அப்பா இருந்தா என் மூஞ்சில காறித் துப்பியிருப்பாரு."

அவள் விழுந்து கிடந்த பூவைப் பெருக்கித் தள்ளினாள்.

"இத்தினி கூத்து இன்னாத்துக்கு? உங்கப்பன் கும்பிடுற மாதிரி குனிஞ்சி, வலப்பக்கமா ஊதி வுட்டுடுவாரு. உன்கிட்ட மட்டும் சொல்ல வாணாம்னுட்டாரு, புள்ள பக்தியா கீறான், மனசு ஒடஞ்சிடுவான்னு."