பெட்டிகளை வெள்ளிக்கிழமை லாரியில் அனுப்புவது குறித்து

பவானிபூர், கல்கத்தா
18-8-1998

மகாராஜராஜஸ்ரீ அண்ணா வெங்கடநாராயணன் அவர்களுக்கு ராஜாராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம், முன் அறையைத் தவிர.

அப்பாவின் மஞ்சள் மண்டியைக் காலி செய்தபோது, "கடிதப் பெட்டிகளை உன் வீட்டில் வை, பத்து நாளில் வந்து பார்க்கிறேன்" என்று மெட்ராஸிலிருந்து டெலிபோனில் சொன்னீர்கள். அது போன வருஷப் பிறப்புக்கு. அன்றிலிருந்து நான்கு இரும்புப் பெட்டிகள் முன் அறையில் குடியிருக்கின்றன. நாங்கள் அவற்றைச் சுற்றி நடக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் மாதவியைப் பெண் பார்க்க ஜாம்ஷெட்பூரிலிருந்து வருகிறார்கள். பிள்ளையின் தாயாரை எங்கே உட்கார வைப்பது என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள். சமையலறையில் என்றேன். 

பழைய வியாபாரக் குடும்பங்களை ஆராய்ச்சி செய்யும் தீப்தி என்ற நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, எல்லாவற்றையும் தன் கல்லூரிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். வியாபாரக் கடிதம் தனி, தர்மக் கடிதம் தனி என்று பிரித்துவிட்டால் போதுமாம். அப்பா எங்கே பிரித்தார்? ஈரோட்டு வியாபாரி ஒருவருக்கு ஒரே தாளில், "தாங்கள் அனுப்பிய மஞ்சளில் பாதி புழு, இது நாணயஸ்தன் செய்கிற காரியமா? தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வெண்கல மணி இன்று ரயிலேறிவிட்டது" என்று எழுதி நகல் வைத்திருக்கிறார். "இத எதுல வெக்கறது அங்கிள்?" என்றாள். "புழுவ இங்க வை, மணிய அங்க வை" என்றேன். போனவள் போனவள்தான்.

அதோடு விட்டதா? பிரிக்கிற சாக்கில் அனந்தலக்ஷ்மி ஒரு கடிதக் கட்டைக் கண்டெடுத்தாள். ஐம்பத்தேழில் அப்பா படுத்த படுக்கையானபோது உதவி கேட்டு வந்து, பதில் போகாமல் நின்றுபோனவை. "இல்லைன்னு சொல்லலாம், பதில் சொல்லாம இருக்கப்படாதும்பாரே உங்கப்பா! இவாள்ளாம் நாப்பது வருஷமா வாசல்ல நிக்கறாளே!" என்று அத்தனை பேருக்கும், "தாமதத்துக்கு வருந்துகிறோம். தேவை இன்னும் இருக்கிறதா?" என்று கார்டு போட்டுவிட்டாள். விலாசதாரர் இல்லையென்று எல்லாம் திரும்பின, ஒன்றைத் தவிர. பின்தெரு துர்கா பூஜா கிளப் அந்தக் காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக் கேட்டிருந்ததாம். அதன் செக்ரெடரி கௌசிக், சந்தேஷ் மிட்டாய் டப்பாவோடும் ஒரு படையோடும் வந்து இறங்கி, என்னைச் சித்தப்பாவாக்கிக்கொண்டான். "காக்கு! கேட்டது எங்க தாத்தா! எந்த ஆபீஸும் இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்ல!" விளக்கு வேண்டாமாம், கரண்ட் வந்துவிட்டதாம். நான் பூஜா கமிட்டித் தலைவராக இருந்தால் போதுமாம். இப்போது தினமும் சாயங்காலம் கமிட்டி கூடுகிறது; என் முன் அறையில், அப்பாவின் பெட்டிகள் மேல். "காக்கிமா, இன்னொரு சா!" என்று அனந்தலக்ஷ்மியிடம் டீ கேட்கும் குரல் ஓய்வதில்லை.

ஆகையால் அண்ணா, வெள்ளிக்கிழமை நான்கு பெட்டிகளும் லாரியில் தங்கள் விலாசத்துக்குப் புறப்படுகின்றன. பத்து நாளில் நானே வந்து பார்க்கிறேன்.

மன்னிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் தேவலையாகப் பகவானைப் பிரார்த்திக்கிறேன்; பெட்டி தூக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ராஜாராமன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். பெட்டியைப் பூட்டும்போது அந்தக் கட்டின் அடியில் இன்னொரு கடிதம் அகப்பட்டது. அதே வருஷம் தாங்கள் மதுரை ஹாஸ்டலிலிருந்து அப்பாவுக்கு எழுதியது. குமாஸ்தா அதையும் தர்மக் கட்டில் சேர்த்துவிட்டார் போலும். காலேஜுக்கு நடந்தே போனது உடம்புக்கு நல்லதாயிற்று என்று இன்றுவரை சொல்கிறீர்கள். அனந்தலக்ஷ்மி பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறாள். நாலாவது பெட்டியை இன்னும் திறக்கவில்லை. அதில் யார் யார் நிற்கிறார்களோ. ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் ஜமக்காளம் விரித்துப் பெட்டி மேலேயே உட்காரட்டும்.

தாமதத்துக்கு வருந்துகிறோம். சைக்கிள் இன்னும் வேண்டுமா?