மாமனார் தனியாகப் போன படகு

என் மாமனாரின் அஸ்தியைக் கடலுக்கு அனுப்பி வைத்தது நான்தான். தனியாக அனுப்பினேன். துணைக்கு யாரும் இல்லாமல், படகோட்டி கூட இல்லாமல். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் கடலூர் முதுநகரில் வேறு யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

என் மனைவி மலருடைய குடும்பம் உப்பனாற்றங்கரையில் படகு வைத்திருக்கும் குடும்பம். நான் சிதம்பரம் அண்ணாமலை நகரில் லேப் அசிஸ்டன்ட். தண்ணீருக்கும் எனக்கும் உள்ள உறவு பக்கெட்டோடு சரி. கல்யாணமாகி மூன்று வருடத்தில் மாமனார் என்னிடம் மொத்தமாக ஒரு முப்பது வார்த்தை பேசியிருப்பார். (அதில் பாதி "சாப்டீங்களா".) அவர் போன பிறகாவது அந்த வீட்டுக்கு உபயோகமான மாப்பிள்ளையாக இருக்கவேண்டும் என்று ஒரு வெறி எனக்கு.

அஸ்தி கரைக்கிற நாள் காலையில் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே செல்போனில் வீடியோ பார்த்து, என் ஷூ லேஸில் படகு முடிச்சுப் போட்டுப் பழகினேன். ஐந்து தடவை சரியாக வந்தது. ஆறாவது தடவை அவிழ்க்க வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் பல்லால் கடித்து அவிழ்க்கலாமா என்று யோசித்தார். நான் மறுத்துவிட்டேன்.

மலரின் தம்பி சேகர்தான் இப்போது படகைப் பார்த்துக்கொள்கிறான். படகுத்துறையில் என்னைப் பார்த்ததும் முதலில் என் காலைத்தான் பார்த்தான். அங்கே படகுகளை ஒன்றை ஒன்று ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். நான் ஷூவோடு மூன்று படகுகளின் மேல் நடந்து அவனிடம் போயிருந்தேன்.

"மாமா, அடுத்தவுங்க போட்டுல ஏறுனா செருப்பக் கழட்டிடணும். ஒரு குரல் குடுத்துட்டுதான் தாண்டணும். வூட்டுக்குள்ள போற மாதிரிதான் அது."

"சாரி மச்சான். லைஃப் ஜாக்கெட் எல்லாம் இருக்கா? பாதுகாப்பு முக்கியம்."

"எல்லாருக்கும் இருக்கு மாமா."

ஒன்றை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டேன். துக்கத்துக்கு வந்த முப்பது பேர் கரையில் நிற்க, ஆரஞ்சு நிறத்தில் ஊதிப்போய் நான் மட்டும்.

சேகர் படகை எடுத்துவந்து, கூட்டத்திலிருந்து தள்ளியிருந்த கல்படியோரம் நிறுத்தினான். மஞ்சள் துணி சுற்றிய கலயத்தை முன்பக்கம் வைத்துவிட்டு, அம்மாவையும் அக்காவையும் கூட்டிவரக் கிளம்பினான். போகும்போது கயிற்றை என் கையில் கொடுத்தான்.

"கட்ட வேணாம் மாமா. சும்மா புடிச்சிக்கினு நில்லுங்க. தண்ணி வத்துற நேரம், கடல் பக்கமா இழுக்கும்."

புரிந்தது என்றேன். அவன் தலை மறைந்ததும் அங்கிருந்த இரும்புக் கம்பத்தில் என் முடிச்சைப் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. போட்டோ கூட எடுத்தேன். அதே நேரம் ஆபீசிலிருந்து போன். பக்கத்தில் ஏதோ ஒரு எஞ்சின் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் கம்பெனி சுவர் வரை நடந்து போய்ப் பேசினேன். நாலு நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது கம்பம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

படகு ஆற்றின் நடுவே முகத்துவாரத்தைப் பார்த்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் மஞ்சள் துணி. கரையோரமாகவே ஓடினேன். "நில்லு, நில்லு" என்று படகைப் பார்த்துக் கத்தினேனாம். (எனக்கு நினைவில்லை. பார்த்தவர்கள் பலர்.)

எதிர்க்கரைப் பக்கம் வலை அலசிக்கொண்டிருந்த அந்தோணி வலையை அப்படியே போட்டுவிட்டு எஞ்சினை இழுத்தார். படகு நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, மாமனாரோடு எட்டு வருடம் பேசாமலிருந்தவர் அவர். சாவுக்குக்கூடத் தெருமுனையோடு நின்றுவிட்டார் என்று மலர் சொல்லியிருந்தாள். ஆனால் அவிழ்ந்துபோன படகை யார் முதலில் பார்த்தாலும் யாருடையது என்று கேட்காமல் போய்ப் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு படகுகள் கிளம்பின.

முகத்துவார அலையில் படகு ஒருபக்கமாகச் சாய, கலயம் உருளப் பார்த்த நேரத்தில் அந்தோணி தாவி ஏறினார். மாமனாரின் படகைத் தன் படகோடு கட்டி இழுத்துவந்தபோது, கூட வந்திருந்த தன் மகனிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, கலயத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

படியில் சேகர், மாமியார், மலர் மூவரும் நின்றார்கள். அந்தோணி கலயத்தை சேகரிடம் நீட்டினார்.

"உங்கப்பன் எப்பவும் இப்படித்தான். யாருகிட்டயும் சொல்லாம கெளம்பிடுவாரு." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "நானும் கூட வரலாமா?"

மாமியார் தலையசைத்தார். அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார்.

நானும் ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன். சேகர் என் தோளில் கை வைத்தான். கோபமே இல்லாத குரலில், "மாமா, நீங்க கரையில இருங்க" என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒன்பது படகுகள் வரிசையாகப் போயின. மலர் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். லைஃப் ஜாக்கெட்டோடு படியில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போனது. சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் மலர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். புதுச்சத்திரம் தாண்டும்போது, "அந்தோணி மாமா ரொம்ப அழுதாரு" என்றாள். அவ்வளவுதான்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. போன மாதம் திவசத்துக்குப் போனபோது துறையில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர், படகு கட்டிக்கொண்டிருந்த இன்னொருவரைப் பார்த்து, "யோவ், சிதம்பரம் போட்டு வெக்காத, ஒழுங்காக் கட்டு" என்றார். அவிழ்ந்துபோகிற முடிச்சுக்கு அங்கே அதுதான் பெயராம். ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கே தெரியாது.

பக்கத்தில் நின்ற மலர் சட்டென்று ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை.