தோளில் நாலு விரல்

கரவெட்டி,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய லண்டன் பெரியப்பாவுக்கு,

தங்கள் தம்பி ஆழ்வாப்பிள்ளையின் மகன் பார்த்தீபன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மின்சாரத்தைத் தவிர அனைவரும் நலம். அங்கே தாங்களும் பெரியம்மாவும் சுபாஜினி அக்காவும் நலமென்று தாங்கள் அனுப்பிய படத்திலிருந்து அறிந்துகொண்டேன். எந்தப் படம் என்று யோசிப்பீர்கள். பொறுங்கோ, வாறன்.

போன ஆவணியில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தபோது உங்கள் பழைய மடிக்கணினியை என் கையில் தந்து, "பட்டம் முடிச்சுப்போட்டு அரசாங்க வேலைக்குக் காத்துக் கிடக்காதை. ஒன்லைனிலை வேலை கொட்டிக் கிடக்கு, அள்ளத் தெரியோணும்" என்றீர்கள். அள்ளப் போனேன். படம் திருத்தும் வேலைக்கு எழுபத்தொரு விண்ணப்பம் போட்டேன். முதல் வேலை கிடைக்க, முன்பு வேலை தந்தவர்கள் போட்ட நட்சத்திரம் வேண்டுமாம். நட்சத்திரம் கிடைக்க முதல் வேலை வேண்டுமாம். அம்மா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தா. சந்தையில் விலை கேட்டுவிட்டு வந்து அதைப் பதினொன்றாகக் குறைத்தா. அப்பாவோ தேத்தண்ணிக் கடையில், "மகன் இப்ப வெளிநாட்டுக் கொம்பனியிலை" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் பகலில் சைக்கிளில் திரியவும் வழியில்லை, உத்தியோகத்தனெல்லோ! கடைசியில் தங்கச்சி கோபிகாதான், "அண்ணை, உன்ரை பேரை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை அவங்கள் வேறை ஆளைப் பிடிச்சிடுவாங்கள், சுருக்கு" என்றாள். 'பார்த்' ஆனேன். முகத்துக்குப் பதிலாக அந்த மடிக்கணினியின் படத்தையே போட்டேன்.

மூன்றாம் நாள் 'கிறிஸ்' என்று ஒரு துரை வந்தார். "இலங்கையா? இலங்கை ஆட்கள் நேரத்துக்கு முடிப்பதில்லையே" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முடிப்பேன் ஐயா என்று சத்தியம் பண்ணி, கேட்ட கூலியில் பாதிக்கு இறங்கினேன். படம் வந்தது. திறந்தால் எங்கடை கிணத்தடி! நடுவிலை நீங்கள், பக்கத்திலை பெரியம்மா, அக்கா. ஓரத்திலை, வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறிவிட்டபடியே ஓடிவந்து, சேறு காலோடை, மடிச்சுக் கட்டின சாரத்தோடை, உங்கடை தோளிலை கை போட்டுச் சிரிச்சுக்கொண்டு அப்பா. கீழே குறிப்பு: "ஓரத்தில் நிற்கும் தோட்டக்காரன் தவறுதலாகப் படத்துக்குள் வந்துவிட்டான். அவனை நீக்கவும். மகளின் கல்யாண மண்டபத்தில் பெரிய திரையில் போடவேண்டும்." கிறிஸ் எண்டால் கிருஷ்ணபிள்ளை, நீங்கள்தான் எண்டு அப்பதான் விளங்கினது. அக்காவுக்குக் கல்யாணம் எண்டதும் அப்பதான் தெரியும். உங்கடை மடிக்கணினியையே உங்களுக்கு அடையாளம் தெரியேல்லை, கூடப்பிறந்தவனை எங்கை தெரியப்போகுது! பெரியப்பா, நீங்கள் வெளிநாடு வெளிக்கிட வேணுமெண்டு பள்ளிக்கூடத்தை விட்டிட்டு மண்வெட்டி தூக்கின தோட்டக்காரன் அவர். உங்களுக்கு ஊர் வேணும், கிணறு வேணும், தென்னை வேணும். அதுக்குத் தண்ணி ஊத்திற ஆள் மட்டும் வேண்டாம்.

வேலையை எறிஞ்சுபோட்டுப் போகலாமெண்டு பாத்தன். எறிஞ்சால் ஒரு நட்சத்திரம் போடுவியள். பிறகு ஆயுளுக்கும் ஒருத்தன் என்னைத் திரும்பிப் பாக்கான். தொடங்கினன். பாதியிலை அப்பா பின்னாலை வந்து நிக்கிறார்.

"உதென்னடா, எங்கடை கிணத்தடி எல்லோ? அண்ணை அனுப்பினவரோ?"

"ஓம்."

"பெரிசாக்கி மாட்டப்போறார் போலை. பாத்துச் செய். என்ரை கால் சேறாக் கிடக்கு, அதை மட்டும் கொஞ்சம் கழுவிவிடு. அண்ணைக்கு வெக்கமா இருக்கும்."

காலைக் கழுவேல்லை பெரியப்பா, முழு ஆளையும் கழுவிவிட்டன். அனுப்பினால் ஒரு மணித்தியாலத்திலை திருப்பி வருது: "தோளில் இன்னும் நாலு விரல் தெரிகிறது." மனுசன் பிடிச்ச பிடி அப்பிடி, ஆளை எடுத்தும் விரல் விடேல்லை. அதுக்கு மேலை உங்கடை சால்வையை இழுத்துவிட்டன்.

ஆகவே இத்தால் அறியத் தருவது: எனக்கு இந்தத் தொழில் வேண்டாம். மடிக்கணினியை லண்டன் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். இன்று பின்னேரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். சுபாஜினி அக்கா நிறைந்த வாழ்வு வாழ, திரையில் தெரியாத நாங்கள் நால்வரும் வாழ்த்துகிறோம். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இங்ஙனம்,
தோட்டக்காரனின் மகன்,
பார்த்தீபன்.

பி.கு.: உங்கள் ஐந்து நட்சத்திரமும் இப்போதுதான் வந்து சேர்ந்தது. "சுத்தமான வேலை. ஆள் நின்ற அடையாளமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு பேர் வேலை தர வந்திருக்கிறார்கள். அப்பாவும் எட்டிப் பார்த்து, "அண்ணைக்கோ எழுதிறாய்? நான் சுகம் கேட்டதெண்டும் ஒரு வரி போடு" என்றார். ஆகையால் மேலே உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அனுப்புகிறேன். நீக்குவதுதான் இப்போது என் தொழில்.