ஹேண்டிகேப் சைபர்

"உட்காருங்க டிஸ்பாட்ச்," என்றார் மேனேஜர்.

பதினாறு வருஷ சர்வீஸில் அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அதனால் உட்காருவதற்கு முன்பே அவருக்கு வியர்த்துவிட்டது. அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு அவர்தான் ஹெட்கிளார்க். சொந்தப் பெயர் என்று ஒன்று சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் டிஸ்பாட்ச்தான்.

மேனேஜர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கோல்ஃப் ஆடுவீங்கன்னு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"நானா சார்?"

"இந்த அடக்கம்தான் பெரிய ஆட்டக்காரங்களுக்கு அழகு."

மேஜை மேல் ஒரு படிவம் கிடந்தது. போன மாதம் எல்லா ஊழியர்களிடமும் எழுதி வாங்கியது. ரத்த குரூப், வீட்டு விலாசம் எல்லாம் முடிந்து, கடைசியில் புதிதாக இரண்டு கட்டங்கள். ஒன்று விளையாட்டு, மற்றது ஹேண்டிகேப். டிஸ்பாட்ச்சின் படிவத்தில் முதல் கட்டத்தில் 'கோல்ஃப்' என்றும் இரண்டாவதில் குண்டாக, அழகாக ஒரு சைபரும் இருந்தன. எழுத்து அவர் மனைவியுடையது.

அவருடைய கையெழுத்தை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது என்பதால், வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அவர் வாசிப்பார், அவள் எழுதுவாள். அன்று வாஷிங் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. விளையாட்டு என்ன என்று அவள் கேட்டாள். சின்ன வயதில் கோலி ஆடியிருக்கிறேன் என்றார். அந்தச் சத்தத்தில் அவள் காதில் கோலி கோல்ஃப் ஆகிவிட்டது போலிருக்கிறது. ஹேண்டிகேப் என்றால் உடம்பில் உள்ள குறை என்றுதான் அவருக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்று எழுது என்றார். அவள் சைபர் போட்டாள். 'இல்லை'ன்னு எழுதேன் என்றதற்கு, சைபர்னா பளிச்சுன்னு தெரியும் என்றாள். அவரும் விட்டுவிட்டார்.

மேனேஜர் விளக்கினார். கோல்ஃபில் ஹேண்டிகேப் என்றால் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் சலுகை அடிகள். ஆட்டம் சுமாராக இருந்தால் இருபது, முப்பது. சைபர் என்றால் எந்தச் சலுகையும் வேண்டாத சூரன் என்று அர்த்தம்.

"நம்ம கம்பெனில நாப்பத்து மூணு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. முக்காவாசிப் பேர் 'இல்லை'. ஒருத்தர் 'இடது காது'ன்னு எழுதியிருக்காரு. சைபர்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

விஷயம் இதுதான். கம்பெனியில் பாதி அட்டைப்பெட்டிகளை வாங்குபவர் பிஸ்கட் முதலாளி. அவருக்குக் கோல்ஃப் பைத்தியம். வருஷம் தவறாமல் தென்னை மரமும் நீலக்கடலுமாக ஒரு தீவுக்குப் போய் ஆடிவிட்டு வருவார். இந்தத் தடவை இவர்கள் கம்பெனியிலிருந்தும் ஒரு ஆட்டக்காரரை, மனைவியோடு, கூப்பிட்டிருந்தார். வெளிப்படையாகக் கேட்டால் ஆளாளுக்குத் தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று மேனேஜர் நைசாகப் படிவத்தில் கட்டம் போட்டுத் தேடியிருக்கிறார்.

"ஆர்டர் புதுப்பிக்கற நேரம். அவர் மனசு குளிரணும். இல்லேன்னா முதல்ல மூடறது உங்க செக்‌ஷன்தான்."

டிஸ்பாட்ச் செக்‌ஷனில் அவரையும் சேர்த்து ஏழு பேர். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "முதலாளிக்கு உங்க பேரைச் சொல்லியாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு," என்றார் மேனேஜர். திறந்த வாயால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுநாள் காலில் விழுந்தாவது தப்பித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். கல்யாணமான புதிதில் கடலைக் காட்டுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். பன்னிரண்டு வருஷத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போன ஒரே வெளியூர், கம்பெனியின் கிளைக் கோடவுன். அன்று அங்கே ஸ்டாக் எடுக்கிற வேலை வேறு இருந்தது.

தீவு என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பாதிப் பேச்சை விழுங்கிவிட்டார். மீதிப் பாதியை மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு அந்த மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது."

"ஒரு குச்சி, ஒரு பந்து, ஒரு குழி. இதுல பெருசா தெரிய என்ன இருக்கு? கோலி ஆடினவருதானே?" என்றாள். பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். ராத்திரிக்குள் அவள் அக்கா, தங்கை, எதிர்வீடு எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. இனிமேல் ஊரைவிட்டே ஓடினாலும் அந்தத் தீவுக்குத்தான் ஓட வேண்டும்.

டிஸ்பாட்ச் நூலகத்துக்குப் போனார். ஆடத் தெரியாதவன் பேசியாவது பிழைக்கலாம் என்று, பெரிய கோல்ஃப் வீரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து பத்து நாள் உருப்போட்டார். அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த மைதானத்திலேயே பின்னாளில் கோப்பை வாங்கியவர், கடைசி நாளில் கைக்கு எட்டியதைக் கோட்டை விட்டவர், விபத்தில் கால் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் எழுந்து வந்து ஆடியவர் என்று எல்லாரும் அவருக்கு மனப்பாடம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். நடுநடுவே சிரித்துக்கொள்வாள். ஒருநாள், உங்கப்பா கூடப் பெரிய தோட்டத்தில் புல் வெட்டுகிற மேஸ்திரியாகத்தானே இருந்தார், புல்லைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். புல்லுன்னா பச்சையா இருக்கும் என்றாள்.

தீவு நிஜமாகவே அழகாக இருந்தது. ஹோட்டல் பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சீவிவிட்ட மாதிரி புல்வெளி. மனைவி ஒரு மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, செக்‌ஷன் போனாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் டிஸ்பாட்ச்சுக்குத் தோன்றியது. அடுத்த நிமிஷம் பயம் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் பிஸ்கட் முதலாளியோடு விருந்து. அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, நல்லவர், கொஞ்சம் உரக்கப் பேசுவார். டிஸ்பாட்ச் அவரை வாயைத் திறக்கவே விடவில்லை. பை தூக்கியவர் கதை முடிந்ததும் முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார். கால் போனவர் கதையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று டிஸ்பாட்ச் ஐஸ்கிரீமை நெருங்கியபோது, முதலாளி எழுந்து நின்று பக்கத்து மேஜைக்காரர்களுக்கெல்லாம் இவரை அறிமுகப்படுத்தினார். காலையில் பார்த்தால் ஹோட்டல் வாசலில் பலகை வைத்துவிட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு சிறப்பு ஆட்டம், அனைவரும் வருக.

டிஸ்பாட்ச் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினார். பெரிய ஆட்டக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் முதுகு வலி இருந்திருக்கிறது. உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். முதலாளி பதறிப்போய், ஹோட்டலில் மசாஜ் செய்பவரை அனுப்பிவைத்தார். வந்தவருக்கு உலக்கை மாதிரி கைகள். அரைமணி நேரம் துவைத்துப் பிழிந்துவிட்டு, முதுகு இரும்பு மாதிரி இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை இல்லாத வலி டிஸ்பாட்ச்சுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

மத்தியானம் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தபோது மழை பெய்தது. அங்கே தினமும் மூன்று மணிக்கு மணி அடித்தாற்போல மழை வருமாம். சட்டென்று ஒரு யோசனை. ஆட்டத்தை மூன்று மணிக்கு மாற்றச் சொல்லி முதலாளிக்குப் போன் செய்தார்.

"மழை வர்ற நேரமாச்சே?"

"பரவாயில்லைங்க. எனக்கு அந்த நேரம்தான் சரிப்படும்."

 இப்பதான் புரியுது, மழையிலயே ஆடப்போறீங்க என்றார் முதலாளி. கொட்டும் மழையில் ஆடிக் காட்டப்போகிறார் என்று ஹோட்டல் பூராவும் செய்தி பரவியது. பத்துப் பேர் வரவேண்டிய இடத்துக்கு, குடையும் கையுமாக ஐம்பது பேர் வந்தார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு மழை வரவில்லை. மேகம்கூட இல்லை.

டிஸ்பாட்ச் மட்டையை வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். தூரத்தில் ஒரு குளம், அதைத் தாண்டி நாலு தென்னை மரம், அதற்கும் அப்பால் குழி இருக்கும் இடத்தில் ஒரு குட்டிக் கொடி. கோலியில் மூன்று குழிதான், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பிடி மண்தான் பறந்தது.

"மண்ணைச் சோதிக்கிறார்," என்று முதலாளி பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

இரண்டாவது வீச்சில் மண்கூடக் கிளம்பவில்லை.

"இப்ப காத்து."

மூன்றாவது தடவை மட்டையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மசாஜ் தன் வேலையைக் காட்டிவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஏழு பேரின் வேலை அந்த மட்டையின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இவர் என்னத்தைச் சோதிக்கிறார் என்று பார்த்தார்கள்.

கூட்டத்திலிருந்து அவர் மனைவி வந்தாள். மட்டையை அவர் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"இவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சுங்க. பாதியில விட்டா நல்லாயிருக்காது. வீட்டுல இவர் சொல்லிக் குடுத்ததை நான் ஒரே ஒரு தடவை அடிச்சுக் காட்டட்டுமா?"

முதலாளி தலையாட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு அடித்தாள். டொக் என்று ஒரு சத்தம். பந்து குளத்தைத் தாண்டி, தென்னை மரங்களைத் தாண்டி, கொடிக்கு இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

 முதலாளி தொப்பியைக் கழற்றினார்.

"சொல்லிக் குடுத்து வந்ததே இப்படின்னா, சொல்லிக் குடுத்தவர் ஆடினா எப்படி இருக்கும்," என்று இன்னமும் வளைந்தபடியே நின்ற டிஸ்பாட்ச்சைக் கும்பிட்டார். அன்று மாலையே ஐந்து வருஷத்துக்கு அட்டைப்பெட்டி ஆர்டர் கையெழுத்தானது. மேனேஜர் போனில் அழுதார்.

அறைக்கு வந்ததும் டிஸ்பாட்ச் மனைவியை விசாரித்தார். எப்படி அடித்தாய்?

"கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன். உங்க நல்ல நேரம், போய் விழுந்துடுச்சு."

அவர் நம்பினார். தன் நல்ல நேரத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்புவது அவர் சுபாவம். அவள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள் இருந்தன. பெட்டி தூக்கியதில் வந்தது என்றாள். அதையும் நம்பினார். வந்த நாள் முதல் விடிந்ததும் அவள் நடக்கப் போய்விட்டு, செருப்பெல்லாம் ஈரப்புல்லாக வருவதைப் பார்த்து, கடற்கரையில் இவ்வளவு புல்லா என்று அவர் ஒருதரம் ஆச்சரியப்பட்டதோடு சரி.

ஊருக்குக் கிளம்பும் நாள். கடைசியாக ஒருதரம் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவி வெளியே போயிருந்தாள். டிஸ்பாட்ச் அறைச் சாவியைக் கொடுக்கக் கவுண்டருக்கு வந்தார். முதுகு நேராகிவிட்டது, மனசும்தான். கவுண்டரில் இருந்த பெண்மணியிடம் பெருமையாகச் சொன்னார்.

"பன்னண்டு வருஷமா வீட்டுல கேட்டுட்டே இருந்தாங்க. ஒருவழியா கூட்டிட்டு வந்துட்டேன்."

அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். மைதானத்தில் ஆடுபவர்களுக்குக் கொடுக்கும் அட்டை. மூன்று நாள், காலை ஆறு மணி, பதினெட்டு குழி என்று வரிசையாக எண்கள். அவருக்கு எதுவும் புரியவில்லை. வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர், மேலே ஹேண்டிகேப் என்ற கட்டத்தைப் பார்த்தார். குண்டாக, அழகாக, நன்றாகத் தெரிந்த கையெழுத்தில் ஒரு சைபர்.

"அம்மாவோடதுதான் சார்," என்றார் அந்தப் பெண்மணி. "அவங்க அப்பா முப்பது வருஷம் புல் வெட்டின தோட்டம் ஒரு கோல்ஃப் கிளப்பாம், எந்தத் தோட்டம்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லையாம், நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு பன்னண்டு வருஷம் பார்த்துட்டு, உங்க ஆபீஸ் ஃபார்ம்ல அந்தக் கட்டத்தைப் பார்த்ததும், கோல்ஃப் ஆட எங்கேயோ கூட்டிட்டுப் போக ஆள் தேடறாங்கன்னு புரிஞ்சு, சரி, நாமளே இவரைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு சைபர் போட்டாங்களாம்."