பசை காயும் வரை

மனைவியை ஊருக்குப் போகவிடக் கூடாது என்று தச்சர் முடிவு கட்டினார். அதை அவளிடமே வாய் திறந்து சொல்லலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மகன் இறந்ததிலிருந்து அவர் பேச்செல்லாம் மரத்தோடுதான். இழைப்புளிக்குக் கிடைத்த வார்த்தையில் பாதிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. மகள் வீட்டோடு போய் இருந்துவிடுகிறேன் என்று பெட்டி கட்டிவிட்டாள். சாயங்காலம் பஸ்.

திட்டம் இதுதான். அவள் கிளம்பும் நேரம் பார்த்து மேசைப் பலகைகளை ஒட்ட ஆரம்பிப்பது. அவற்றை இறுக்கிப் பிடிக்கும் நான்கு கிளாம்பில் ஒன்றை மரத்தூள் மூட்டைக்குள் ஒளித்துவைப்பது. கிளாம்ப் இல்லாத முனை விலகும். யாராவது கையால் நெருக்கிப் பிடித்தே ஆக வேண்டும். இந்த வீட்டில் அந்த யாராவது அவள்தான். பசை பிடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

“ஏய், ஓடி வந்து பிடி! ஒரு கிளாம்பைக் காணோம்!”

“கிளம்புற நேரத்துலதான் ஒட்டணுமா?”

“பசை போட்டாச்சு.”

“கிளாம்பை எடுத்து வச்சிட்டுத்தானே பசை டப்பாவையே திறப்பீங்க? இன்னிக்கு என்ன?”

“மறந்துட்டேன்.”

“அப்படியா.”

வந்து பிடித்தாள். அவர் மூன்று கிளாம்பையும் முறுக்கினார். இணைப்பு நெடுகப் பசை முத்து முத்தாகத் துளிர்த்தது. கடிகாரம் அவர் கட்சிக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

“ஏங்க, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

அவர் நடுக் கிளாம்பை இன்னொரு சுற்று முறுக்கினார்.

“அந்த முனையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கை வலிக்குது. நீங்க பிடிங்க, நான் கிளாம்பைத் தேடுறேன்.”

கை மாறியது. கிளாம்ப் இருக்கும் இடத்தை அவர் எந்த வாயால் சொல்வார்? அவள் மூட்டைப் பக்கமே போகவில்லை. உள்ளே போனாள். பெட்டிச் சக்கரம் வாசல்வரை உருண்டது.

“கையை எடுத்தீங்கன்னா விரிஞ்சுடும். பத்திரம்!”

ஓடிப்போய் மறித்திருக்கலாம். பலகை கெட்டால் வேறு பலகை. ஆனால் பசை போட்ட மரத்தைப் பாதியில் விட அந்தக் கைகளுக்குத் தெரியாது. அது அவளுக்குத் தெரியும்.

“போகாதே” என்றார். பலகைக்குத்தான் கேட்டது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரர், கையில் ஒரு வெட்டுத் துணியோடு, கூச்சத்துடன் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா?”

“அண்ணி போறப்ப சொல்லிட்டுப் போனாங்கண்ணே. நீங்க அழுதுக்கிட்டு இருப்பீங்களாம், கை ஒழியாதாம். மூக்கைத் துடைச்சுவிடச் சொன்னாங்க.”