பதினோராம் பக்கத்து வாசகர்

நம் காலத்தின் தலைசிறந்த வாசகர் யார் என்று யாராவது கேட்டால், தயங்காமல் லிஃப்ட் ஆய்வாளரைக் கைகாட்டலாம். ஒன்பது ஆண்டுகளாக அவர் ஜப்பானிய இலக்கியம் வாசிக்கிறார். மூலத்தில் வாசிக்கிறார். இதுவரை பதினோரு பக்கம் வாசித்திருக்கிறார்.

எண்ணிக்கையைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு வாசிப்பு என்றால் என்னவென்று தெரியாது. அடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கப் பக்கத்தைப் புரட்டுவது சாதாரண ஆட்களின் வேலை. ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டுவதில்லை. பக்கம்தான் அவரை வருடக்கணக்கில் புரட்டியெடுக்கிறது.

பகலில் அவருக்கு அரசாங்க வேலை. ஊரில் உள்ள லிஃப்டுகளில் ஏறுவார், இறங்குவார். இரும்பு வடத்தைப் பார்ப்பார், பிரேக்கைச் சோதிப்பார். 'இதில் எட்டுப் பேர் பாதுகாப்பாகச் செல்லலாம்' என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பி ஆயிரக்கணக்கானோர் மேலே போனார்கள். தான் மேலே போக அவருக்கு வேறு வழி தேவைப்பட்டது. 'மூலவாசகர் மன்றம்' கிடைத்தது.

மன்றம் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் கூடும். சுவரில் சாலைக் குறிகள் வரைந்த பெரிய படம் தொங்கும். வளைவு, பள்ளம், பள்ளிக்கூடம். பார்த்தவுடனே புரிந்துவிடுவதால் உறுப்பினர்கள் அவற்றை மதிப்பதில்லை. தலைவர் ஒரு பல் மருத்துவர். எதிரில் இருப்பவரின் வாய்க்குள் கருவியை வைத்துவிட்டுப் பேசும் தொழில். பதில் கேட்டுப் பழக்கமில்லை. தலைமைக்கு வேறு தகுதி வேண்டியதில்லை. பயிற்சிப் பள்ளியின் உரிமையாளர் செயலாளர். நாற்காலிகள் அவருடையவை.

மன்றத்தின் நான்காம் விதி: மூலத்தில் தான் வாசிக்காத பகுதியைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது. இதன் பயனாக, மன்றம் தொடங்கிய நாள்முதல் எந்த நூலைப் பற்றியும் எவரும் தவறான கருத்துச் சொன்னதில்லை. சரியான கருத்தும் சொன்னதில்லை. ஏழாம் விதி இன்னும் கண்டிப்பானது: மொழிபெயர்ப்பைத் தொடக் கூடாது, பிறர் சொல்லக் கேட்கவும் கூடாது. ஒரு கணக்கு வாத்தியார் தலைவரின் கிளினிக்கிலேயே, தன் முறைக்காகக் காத்திருந்தபோது, மொழிபெயர்ப்பும் கையுமாகப் பிடிபட்டார். 'வாசிக்கையில் இரண்டு முறை சிரித்ததாக அவரே ஒப்புக்கொண்டார்' என்று மன்றக் குறிப்பேட்டில் இருக்கிறது. அன்றே நீக்கப்பட்டார். பல் மட்டும் பிடுங்கிவிட்டார்கள்.

மூலத்தில் வாசித்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவருக்கு 'மூலவாசகர்' பட்டம் உண்டு. ஒன்பது ஆண்டுகளில் யாரும் வாங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஆய்வாளர் பேசுவதாக முடிவாயிற்று. பசி போயிற்று அவருக்கு.

வீடே பட்டத்துக்குத் தயாராக இருந்தது. கதவில் 'கதவு', கண்ணாடியில் 'கண்ணாடி', உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஜப்பானிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தார். இரண்டாயிரத்து நூற்று முப்பத்தாறு அட்டைகள் செய்துவைத்திருந்தார். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் தமிழில் பொருள். தினமும் காலையில் மனைவி ஒரு கையால் அடுப்பைக் கவனித்துக்கொண்டு மறு கையால் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் பொருள் சொல்ல வேண்டும். அவர் பார்த்த பக்கத்தை அவளும் பார்த்தாள். அவர் பார்க்காத பக்கத்தையும் அவள் பார்த்தாள். காரில் போகும்போது உரையாடல் பாடங்கள் ஓடும். அவற்றையும் கேட்டாள். அவளுக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்கள் எழுதித் தரும் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பாள். இலக்கியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது ஆய்வாளரின் கருத்து.

ஒருநாள் காலை அவள் அட்டையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஒரு விஷயம்."

"ம்."

"வேற ஊர்ல புதுக் கிளை திறக்கறாங்க. என்னைப் பொறுப்புல போட்டிருக்காங்க. அடுத்த மாசம் போகணும்."

"இந்த எழுத்துல எத்தனை கோடு? சொல்லு பாக்கலாம்."

"இருபத்தொன்பது."

ஆய்வாளர் அசந்துபோனார். "எப்படித் தெரியும்?"

"காலையில இருந்து நாலு தடவை சத்தமா எண்ணிட்டீங்க. நான் சொன்னது காதுல விழுந்துச்சா? இருநூறு கிலோமீட்டர். உங்க டிபார்ட்மெண்ட்லயும் அங்க ஒரு இடம் காலியா இருக்கு. விசாரிச்சுட்டேன். அங்கயும் லிஃப்ட் இருக்காம்."

"யோசிக்கலாம்."

"யோசிங்க. மாறுதல் படிவம் மேசை மேல வெச்சிருக்கேன். பென்சில்ல பெருக்கல் குறி போட்ட இடத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். அடுத்த மாசம் முப்பதாம் தேதி கடைசி. அதுக்கு மேல வாங்க மாட்டாங்க."

ஆய்வாளர் யோசித்தார். படிவம் நல்ல தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அன்று மாலை அதில் அந்த இருபத்தொன்பது கோட்டு எழுத்தை நாற்பது முறை எழுதிப் பழகினார். அகராதியில் அதற்கு 'மனச்சோர்வு' என்று பொருள் போட்டிருந்தது.

மனைவி தாளை எடுத்து முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். மை மறுபுறம் ஊறி, பெருக்கல் குறியை மூடியிருந்தது.

"கடைசி வரியில மூணாவது நல்லா வந்திருக்கு" என்றாள்.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு துணை எத்தனை அறிஞர்களுக்கு வாய்க்கும்!

அவர் பதினோரு பக்கம் வாசித்திருந்த அந்த நாவல் அவரிடம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று வாசிக்க. இன்னொன்று, வாசிப்பினால் சேதம் ஏற்படாமல் பாதுகாக்க. கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாதுகாப்புப் பிரதியைத் தேடினார். பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது.

"கடையில இருக்கு. கூட்டம் இல்லாதப்ப படிச்சேன்" என்றாள் மனைவி.

"எதுவரைக்கும்?"

"முடிச்சுட்டேன். மூணு வாரம் ஆச்சு."

ஆய்வாளர் உட்கார்ந்தார். நாற்காலியில் 'நாற்காலி' என்று எழுதியிருந்தது.

"எந்த அகராதி வெச்சுக்கிட்ட?"

"அகராதியெல்லாம் இல்லங்க. தெரியாத எழுத்து வந்தா விட்டுட்டு மேல போயிடுவேன். டாக்டர் சீட்டு மாதிரிதான். நாலு கோடு கிறுக்கியிருப்பாரு. வந்தவரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா அது வயித்துக்கு. இங்கயும் அப்படித்தான், யாருக்கு எங்க வலிக்குதுன்னு பாத்தேன். படிக்க வந்துடுச்சு."

"அது வாசிப்பு இல்லம்மா. ஊகம்."

"இருபத்திரண்டு வருஷமா ஊகத்துலதான் மருந்து குடுக்கறேன். தெருவுல எல்லாரும் நடமாடிட்டுத்தான் இருக்காங்க."

ஆய்வாளருக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. நாவல், ஆற்றங்கரையில் தினமும் நீர்மட்டம் குறித்துவைக்கும் ஓர் ஊழியரைப் பற்றியது. பதினோரு பக்கமும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. 'ஏறுதல்' என்ற எழுத்துக்கு மட்டும் அவர் தனி நோட்டு போட்டிருந்தார்.

"அப்போ வெள்ளத்தைப் பத்தி என்ன நினைக்கிற?" என்று சோதித்தார்.

"வெள்ளமா? தண்ணி அஞ்சாம் பக்கத்துலயே வடிஞ்சிடுச்சே."

"பதினொண்ணுலயும் ஏறுதே!"

"அது போன வருஷத்து ஏட்டை எடுத்துப் பாத்துட்டு இருக்காருங்க."

ஏழாம் விதி நினைவுக்கு வந்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனாலும் அன்று நாவலின் ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். சிறிது நேரம் பார்த்தார். மூடினார். பேச்சுக்கு ஏழு நாள்தான் இருந்தது. இப்போது போய்த் தண்ணீரை வடியவிட முடியாது.

கூட்ட நாள் வந்தது. மத்தியானம் ஆய்வாளர் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பெட்டியுடன் வந்து நின்றாள். பெட்டியில் 'பெட்டி' என்ற சீட்டு ஒரு முனையில் கழன்று தொங்கியது. அவர் அதை டேப் போட்டு ஒழுங்காக ஒட்டினார்.

"நாலு மணிக்கு பஸ்" என்றாள்.

"எனக்கும் நாலு மணிதான்."

"தெரியும். போறதுக்கு முன்னாடி அந்தக் கதையை மட்டும் சொல்லிடறேன், கேளுங்க. அவரு பொண்டாட்டி வாரத்துக்கு ஒரு சாமானா அக்கரையில இருக்கற தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோறா…"

ஆய்வாளர் இரு காதிலும் விரலை விட்டுக்கொண்டார்.

"விதி! விதி!" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. தையல் மிஷின் போகிறது. கொசுவலை போகிறது. ஊழியர் தினமும் ஆற்றைப் பார்க்கிறார், வீட்டைப் பார்ப்பதில்லை. கடைசியில் அவள் படகில் ஏறுகிறாள். அவர் கரையில் நின்று பார்க்கிறார். பார்த்துவிட்டு அன்றைய நீர்மட்டத்தைக் குறிக்கிறார்.

ஆய்வாளருக்கு அவள் உதடு அசைவது தெரிந்தது. பணிவாகத் தலையாட்டினார். விரலை எடுக்கவில்லை.

காதில் விரல் இருக்கிறவரிடம் எழுதித்தான் சொல்ல முடியும். இதற்கு முன் அவள் தமிழில் எழுதிவைத்த மூன்று சீட்டுகள் அவர் கையில் எழுத்து அட்டைகளாகிவிட்டிருந்தன. எனவே மேசையில் உட்கார்ந்து, ஜப்பானிய மொழியில் ஐந்து வரி எழுதினாள். இதையாவது அவர் பார்ப்பார். உப்பு டப்பாவின் அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்கு ஆய்வாளர் பேசத் தொடங்கினார். பதினோரு பக்கத்தில் தண்ணீர் எத்தனை முறை ஏறியது, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எத்தனை கோடு, எந்தக் கோடு எந்தப் பக்கம் வளைகிறது. தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். சரியாக ஐந்து மணிக்கு முடித்தார். அரங்கம் கைதட்டியது. மொத்தம் ஒன்பது பேர்.

அப்போது மன்ற வரலாற்றிலேயே முதன்முறையாக ஒருவர் கேள்வி கேட்டார். செயலாளர்தான். வாகனம் ஓட்டக் கற்றுத்தருகிறவர். முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

"சார், அந்த ஊழியருக்குப் பொண்டாட்டி இருக்காங்கன்னு சொன்னீங்களே. அந்தம்மா என்ன ஆனாங்க?"

"நான் வாசித்தவரையில்" என்றார் ஆய்வாளர், "வீட்டில்தான் இருக்கிறார்."

நான்காம் விதியை இதைவிட நுட்பமாகக் காப்பாற்ற முடியாது. தலைவரின் கண் கலங்கியது. பட்டம் வழங்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து, சட்டகமிட்ட பட்டத்தை மாட்ட இடம் தேடினார். உப்பு டப்பாவின் அடியில் கடிதத்தைக் கண்டார். புல்லரித்தது. தெளிவான கையெழுத்து. அச்சில் வராத, இதுவரை எவரும் மொழிபெயர்க்காத படைப்பு. அகராதியை எடுத்து, முதல் எழுத்தின் கோடுகளை எண்ணத் தொடங்கினார்.

இருபத்தைந்தாம் தேதி போன் வந்தது.

"லெட்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேனாவா! மூணாவது வரியில இருக்கேன். பிரமாதமா எழுதியிருக்க."

"மொத்தமே அஞ்சு வரிதாங்க."

"அவசரப்படுத்தாத."

"சரி, நானே சொல்லிடறேன்…"

"ஐயோ, வேண்டாம்! நீ சொன்னா அது மொழிபெயர்ப்பாயிடும்."

மறுமுனையில் யாரோ ஒருவர் இருமலுக்கு மருந்து கேட்பது கேட்டது.

"சரிங்க" என்றாள். "நிதானமாப் படிங்க."

அவர் நிதானமாகப் படித்தார். நாம் மன்றத்து உறுப்பினர் அல்ல, எழுதியிருந்ததைச் சொல்லிவிடலாம். 'அடுப்பை அணைத்துவிட்டேன். இந்த ஊரில் லிஃப்டுகள் சரியில்லை, ஆள் தேவை. புதுப் படிவம் ஒன்றை உங்கள் நாவலில் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி கடைசி என்பது நினைவிருக்கட்டும். ஒரே ஒரு பக்கம் தள்ளி வாருங்கள்.'

ஐந்தாவது வரி மறுமாதம் இரண்டாம் தேதி காலையில் முடிந்தது.

ஆய்வாளர் நாவலை எடுத்தார். பதினோராம் பக்கத்தைக் கடந்தார். பன்னிரண்டில் படிவம் இருந்தது. பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அவள் எப்போதும் போடுவதைவிடச் சற்றுப் பெரிதாக. சுவரில் தேதி கிழிக்கும் காலண்டரைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அதில் 'அடுப்பு' என்று எழுதியிருந்தது.

பிறகு படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்து அந்த இருபத்தொன்பது கோட்டு எழுத்தை எழுதினார். அகராதியைத் திறக்கவில்லை. ஒரு கோடும் பிசகவில்லை.

'உறுப்பினர் ஓர் எழுத்தைப் பொருளுடன் முழுமையாகக் கற்றுத் தேர்ந்தார்' என்று அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் பாராட்டுடன் பதிவாகியிருக்கிறது. அதற்கு ஒன்பது ஆண்டுகளும் ஒரு மனைவியும் ஆயின என்பதை எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை.